மேசைக்குள் ஒரு கடிதம்

"மேசையை வித்துட்டேங்க. வண்டி வந்துகினு இருக்குது," என்றாள் அம்சவல்லி.

நிலக்கரி மைன்ஸ் ஷிப்டுக்குக் கிளம்பிய சிங்காரவேலு மேசையைத் திரும்பிப் பார்த்தான். விரித்தால் சாப்பாட்டு மேசை, மடித்தால் எழுதும் மேசை. வெள்ளைக்காரர் பங்களா ஏலத்தில் அப்பா எடுத்தது. அதற்குள் இருந்த ரகசிய அறை தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தான். காண்டிராக்டர் அவனை வேலையிலிருந்து நிறுத்திய கடிதம் இருபது நாளாக அதில்தான் கிடந்தது. அவன் தினமும் வேலைக்குப் போவதாகவே நடித்து, பக்கத்து ஊரான கம்மாபுரத்தில் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தான்.

அவள் உள்ளே போனதும் அடிப்பலகையை அழுத்தினான். திறக்கவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. நகம் பிய்ந்து ரத்தம் வர, பலகையைப் பெயர்த்தான்.

அறை காலியாக இருந்தது.

"அந்தக் கடுதாசியைப் படிச்சுட்டுத்தாங்க, வூட்டுச் செலவுக்கு ஆவட்டும்னு மேசையை வித்தேன்," என்றாள் பின்னால் வந்து நின்ற அம்சவல்லி. "உங்களப் பாத்தவங்க சொன்னாங்க. இனிமே கம்மாபுரத்துல போய் வெயில்ல குந்திகினு இருக்க வேணாம். வூட்லயே இருங்க."