மெரின் என்ற கூட்டுச்சுரம்

டென்சில் தன் மனைவியைக் கொன்றது பட்டியலில் மட்டும்தான். அதுவும் தெரியாமல்.

ஹோபர்ட் நுண்சுரக் கழகத்தில் மொத்தம் ஒன்பது பேர். பியானோக் கட்டைகளுக்கு இடையில் ஒளிந்திருக்கும் சுரங்களைத் தேடி அலைகிறவர்கள். புதிய கூட்டுச்சுரம் கண்டுபிடித்தவரே கழகப் பட்டியலில் அதற்குப் பெயர் வைக்கலாம். ஆள் பெயரென்றால் செத்தவர் பெயராக இருக்கவேண்டும். உயிரோடிருப்பவர்கள் சண்டைக்கு வந்துவிடுகிறார்கள்.

டென்சில் கண்டுபிடித்தது முன்னூறு, முன்னூற்றுத் தொண்ணூறு, நானூற்று எண்பது ஹெர்ட்ஸ். இடைவெளி இரண்டும் அச்சாகத் தொண்ணூறு. மூன்றையும் சேர்த்து வாசித்தால், யாரும் வாசிக்காத தொண்ணூறு ஒன்று அடியில் உறுமும்.

'மெரின்' என்று பெயர் எழுதிக் கொடுத்தான்.

மெரின் தன் அக்கா வீட்டுக்குப் போய் நாலு மாதம். எப்போது வருவாய் என்று கேட்டால் பார்க்கலாம் என்பாள். இதைப் பார்த்தாவது மனம் இறங்குவாள் என்று நினைத்தான். செத்தவர் பெயர்தான் என்ற விதி மறந்துபோயிற்று. புள்ளிக்கு அப்புறம் நாலு இலக்கம் ஞாபகம் வைக்கிற மண்டையில் வேறெதற்கு இடம்?

மறுநாள், துக்க வீட்டில் சமைக்கவேண்டாமென்று லசானியா வந்தது. அப்புறம் மலர்க்கொத்து. செயலாளர் லியோனி போனில் அழுதாள். மறுக்கத்தான் வாயைத் திறந்தான். நன்றி என்று வந்தது.

ஞாயிறு மதியம் சாரணர் கூடத்தில் அஞ்சலி. வில்லால் வாசிக்கும் ரம்பம், கண்ணாடிக் கோப்பை, பித்தளைக் குழாய் சகிதம் எல்லாரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மெரினை வாசித்தார்கள்.

கதவைத் திறந்துகொண்டு மெரின் வந்தாள். கையில், கழகத்திலிருந்து அக்கா விலாசத்துக்கு வந்த அனுதாப அட்டை.

யாரும் நிறுத்தவில்லை. கழகத்தில் ஒரு நிமிடமென்றால் ஒரு நிமிடம். லியோனியின் வில் மட்டும் ரம்பத்தில் வழுக்கியது. தொண்ணூறு தொண்ணூற்றிரண்டாகி, கூட்டுச்சுரமே குடிகாரன் மாதிரித் தள்ளாடியது. மெரின் பின்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள்.

முடிந்ததும் டென்சில், அவள் செத்துவிட்டதாகத் தான் சொல்லவே இல்லையே என்று முனகினான். உயிரோடிருப்பதாகவும் சொல்லவில்லையே என்றாள் லியோனி.

மெரின் எழுந்து அவனிடம் வந்தாள். குரலில் கோபமில்லை.

"நான் விட்டுட்டுப் போயிட்டேன்னு சொல்றதுக்குப் பதிலா, செத்தே போயிட்டேன்னு இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டியா?"

அவன் ஆமென்று தலையாட்டினான். பிறகு, எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, எப்போது வருவாய் என்று கேட்டான்.

மெரின் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வரமாட்டேன், டென்சில்."