மேஸ்திரி சைக்கிளுக்குப் போட்ட கிரீஸ்

முதல் அறையிலேயே நிஜாமுதீனின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய்ப் பழைய டயர்க் குவியலுக்குள் விழுந்தது. இரண்டாவது அறைக்கு அவரே போய் விழுந்தார்.

“இன்னா கிரீஸுய்யா போட்ட என் சைக்கிளுக்கு?”

உப்பளத்து மேஸ்திரி நடராசன். வலது கையில் சுற்றியிருந்த துண்டு முழுக்க ரத்தம். அறைந்து முடித்த இடது கை இப்போது மேசைமேல் கிடந்த, டயர் கழற்றுகிற இரும்பு லீவரை எடுத்துக்கொண்டது. அடிக்க வருகிறவன் ஆயுதத்தையும் அடிபடுகிறவன் கடையிலேயே எடுத்துக்கொள்கிற சிக்கனம் கூனிமேட்டில் அவன் ஒருவனுக்குத்தான் உண்டு.

நிஜாமுதீன் ரத்தத்தைப் பார்த்தார். பிரேக் பிடிக்காமல் ஆள் எங்கோ உருண்டிருக்கிறான் என்று முடிவு கட்டினார். இருபது வருஷம் சைக்கிள் கடை நடத்திச் சேர்த்த பெயர் இன்றோடு போச்சு. பெயர் போகட்டும், பல்லாவது தங்குமா என்பதுதான் இப்போதைய கவலை.

“மேஸ்திரி, லாரி வீலுக்குப் போடுற கிரீஸு. அல்லா மேல ஆணை. சாதா கிரீஸு சூட்டுல உருகி ஓடிரும், பிரேக் வழுக்கும். இது உருகாது.”

லீவர் இறங்கியது. கண்ணாடி அலமாரி நொறுங்கி, பால்ரஸ் குண்டுகள் தெருவரைக்கும் ஓடின.

“அதைப் போடச் சொல்லி உன்கிட்ட யாருய்யா அழுதாங்க?”

நியாயமான கேள்வி. யாரும் அழவில்லை.

அது ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போன சைக்கிள். கைப்பிடியில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால், பின்சக்கரத்தின் நடுவிலிருக்கிற ஹப்புக்குள்ளேயே பிரேக் பிடித்து நிற்கும். உப்புக் காற்று பிரேக் கம்பியைத் தின்கிற ஊரில் அது பெரிய சௌகரியம். ஆனால் சுனாமித் தண்ணீரைக் குடித்ததிலிருந்து, ஆறு மாதமாகப் பிரேக் போட்டால் மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தியது.

நேற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்தவள் நடராசன் பெண்சாதி கொளஞ்சியம்மாள். நிஜாமுதீன் மஞ்சள், கறுப்பு, சிவப்பு என்று மூன்று டப்பாக்களைத் திறந்து காட்டினார்.

“செவப்பு, லாரி கிரீஸு. இதைப் போட்டா சத்தம் சுத்தமா நின்னுரும்மா.”

“அது வேணாண்ணே. மஞ்சளே போடுங்க. பிரேக் புடிச்சா போதும், சத்தம் அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்.”

வியாபாரியின் காதுக்கு ‘வேண்டாம்’ என்றால் ‘விலையைக் குறை’ என்று அர்த்தம். அவர் மூன்று தடவை இறங்கி வந்தார். அவள் மூன்று தடவையும் வேண்டாம் என்றாள். கடைசியில் மஞ்சள் விலைக்கே சிவப்பை அப்பி அனுப்பினார். அப்படியும் அவள் முகம் தொங்கித்தான் போனது. ஜனங்களுக்கு எவ்வளவு விட்டுக்கொடுத்தாலும் ஆறாது என்று அலுத்துக்கொண்டார்.

எதிர் டீக்கடைத் தனக்கோடி ஓடிவந்தார். “ஏம்பா நடராசு, விடுப்பா. பாய், டப்பாவுல எதுனா கலந்துட்டியா?”

“நீ வேற எரியிறதுல எண்ணெய ஊத்தாத தனக்கோடி,” என்றார் நிஜாமுதீன்.

நடராசனின் முழங்கை தனக்கோடியின் நெஞ்சில் பாய்ந்தது. அவர் காற்றடிக்கிற பம்ப்போடு சேர்ந்து சாய்ந்தார். லீவரின் முனை நிஜாமுதீனின் தொண்டைக்கு வந்தது.

“பிரேக் புடிக்கலையா மேஸ்திரி?”

“புடிக்குது. ஆணி அடிச்ச மாதிரி நிக்குது.”

“கத்துதா?”

“ஒரு பொட்டுச் சத்தமில்ல.”

“அப்பறம் எதுக்குய்யா என்னைப் போட்டு அடிக்கிற?”

அதற்கும் ஒன்று விழுந்தது, தோளில். நிஜாமுதீனின் உதட்டிலிருந்து வழிந்த ரத்தம் சட்டைப் பையை நனைத்தது. சரக்கு நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டே அடிக்கிற வாடிக்கையாளரை அவர் இதுவரை பார்த்ததில்லை.

“கையில இன்னா ரத்தம்?” என்றார் தனக்கோடி, தரையில் கிடந்தபடியே.

“எங்க வூட்டுச் சுவத்துல குத்துனேன்.”

“எப்போ?”

“இப்பத்தான். பகல் சோத்துக்கு அந்த சைக்கிள்ல போனேன்.”

தனக்கோடிக்கு விளங்கிவிட்டது. அரவமில்லாமல் வீட்டுக்குப் போன புருஷன், சுவரில் குத்திய கை. எழுந்து, கடைக்கதவை ஒருக்களித்துச் சாத்தினார். கொளஞ்சியம்மாளை இன்றைக்கு உயிரோடு விட்டு வந்திருக்கிறானா என்று நிஜாமுதீன் துண்டிலிருந்த ரத்தத்தை மறுபடியும் பார்த்தார்.

“உள்ள யாருப்பா இருந்தான்?” தனக்கோடியின் குரல் தாழ்ந்தது.

“எவனும் இல்ல.”

“எங்ககிட்ட மறைக்காத.”

“அவளும் எங்க ரெண்டு பொண்ணுங்களும்தான். நான் உள்ளயே போவல. ஜன்னலாண்டயே நின்னுட்டேன்.”

“அவங்கள ஒண்ணும் பண்ணிடலயே?” என்றார் நிஜாமுதீன்.

“இல்ல.”

லீவர் கை நழுவித் தரையில் விழுந்தது. அத்தனை பெரிய உடம்பு டயர்க் குவியல்மேல் சரிந்து உட்கார்ந்தது. கீழே நிஜாமுதீனின் மூக்குக்கண்ணாடி நொறுங்கியது.

நடராசன் ரத்தத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“நான் இல்லாதப்ப எங்க வூட்ல சிரிக்கிறாங்க, பாய்.”