மண்டையோட்டுக் கோஷ்டி

கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்கா ஆரம்பித்தாள்.

"சட்டையெல்லாம் மண்டையோட்டைப் போட்டுக்கிட்டா மெட்டல் மியூசிக் பேண்டு ஆயிடுமாடா? நீ தலையில தூக்கி வெச்சு ஆடுற கோஷ்டியில டிரம்ஸ் அடிக்கிறவன் தகர டப்பாவைத் தட்டுறான். பாடுறவனுக்குத் தொண்டையில முள்ளு சிக்கின மாதிரி ஒரே கத்தல்."

தம்பியின் போர்வையைச் சரிசெய்தபடியே அவள் தொடர்ந்தாள்.

"அந்தப் பழைய கிடாரிஸ்ட் விலகின பிறகுதான் பேண்டே உருப்பட்டுச்சு. புது ஆளுக்கு முன்னாடி அவனெல்லாம் கால் தூசு!"

இதே வார்த்தைக்காக முன்பு ஒருமுறை வீட்டையே இரண்டாக்கியவன் அவன். இன்று முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"ராக்குன்னு பேர் வெச்சுக்கிட்டுத் தாலாட்டுப் பாடுறானுங்களே, உன் கோஷ்டிக்கு அவனுங்க எவ்வளவோ தேவலை."

கதவைத் திறந்துகொண்டு வந்த நர்ஸ் முகம் சுளித்தாள்.

"என்னம்மா நீங்க? விபத்துல நினைவு தப்பிக் கிடக்கிறவர்கிட்ட, அவருக்குப் பிடிச்சதைப் பேசுங்கன்னுதானே டாக்டர் சொன்னாரு? இப்படித் திட்டுறீங்களே!"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பிடிச்சதை எல்லாம் பேசிப் பார்த்துட்டேன் சிஸ்டர். சுகமா படுத்துக் கேட்டுக்கிட்டே இருக்கான். தப்புத் தப்பாச் சொன்னா, சண்டைக்காவது எழுந்திரிக்க மாட்டானா?"