மகன் வரும் நாள்

அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்ணான கஹெந்தே மக்காச்சோளக் கஞ்சியை இறக்கினாள். மகன் கரோன்யாவின் மான்தோல் செருப்பைத் தூசி தட்டி வாசலில் வைத்தாள்.

“பையன் வர்ற நேரம்தான்க்கா,” என்றாள் தங்கை. “ஆனா வெள்ளைக்காரன் அனுப்புவானா?”

“சமாதானம் வேணும்னா அனுப்பித்தானே ஆகணும்.”

கோட்டையிலிருந்து ஆங்கிலேயக் கேப்டன் வந்தான். கூடவே, கை கட்டப்பட்ட ஓர் இளம் வெள்ளைச் சிப்பாய்.

“உங்க மகனைச் சுட்டுக் கொன்னவன் இவன்தாம்மா. உங்க கண் முன்னாலயே தூக்குல போட்டுடறோம். அதோட பகை வேண்டாம்.”

“தூக்கா? இவனும் செத்துட்டா எனக்கு மகன் ஏது? போனவன் இடத்துக்கு ஆள் வரணும், அதான் எங்க வழக்கம். கட்டை அவிழ்த்துட்டு நீ கிளம்பு.”

கேப்டன் கட்டை அவிழ்த்துவிட்டுக் கோட்டைக்குத் திரும்பினான்.

அவள் குனிந்து, சிப்பாயின் காலில் செருப்பை மாட்டினாள்.

“கொஞ்சம் பெரிசா இருக்கு. போகப் போகச் சரியாயிடும். கஞ்சி ஆறுது, உட்காரு கரோன்யா.”