புது கேபிளும் முக்கால் மணி நேரமும்

"இன்னைக்கு அவ குட்டு வெளிப்படட்டும் மச்சான். அப்புறம் ஒரு நிமிஷம்கூட அவளை வேலையில வச்சுக்க நான் சம்மதிக்க மாட்டேன்" என்றான் எழிலரசன்.

குளத்தூரில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ அது. முதலாளி ரத்தினவேல். எழிலரசன் அவருடைய மனைவியின் தம்பி, தொழிலில் கூட்டாளி. படம் எடுப்பது அவன். எடுத்ததை வெட்டி ஒட்டி எடிட் செய்வது சரண்யா.

முதலாளி அறையிலிருக்கும் கம்ப்யூட்டரில் இருந்து சரண்யாவின் கம்ப்யூட்டருக்கு ஒரு கல்யாணம் போய்ச் சேர ஐந்து நிமிடம் போதும். அதற்காகவே எழிலரசன் அடம்பிடித்து வேகமான புது கேபிள் போட வைத்திருந்தான். ஆனால் இரண்டு மாதமாக முக்கால் மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் இன்னொரு கல்யாணமே நடத்திவிடலாம்.

அதுவும் லீவு முடிந்து சரண்யா திரும்பி வந்த வாரத்தில் இருந்துதான். தினமும் பதினோரு மணிக்கு ஃபைலைப் போட்டுவிட்டு, "ஏறட்டும்ணே, வந்துடுறேன்" என்று வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். மூன்று மணிக்கு இன்னொரு தடவை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்காமல் புதுக்கோட்டையில் இருந்து நெட்வொர்க் பார்க்கும் பிளெஸ்ஸியை வரவழைத்துவிட்டான் எழிலரசன். ஓடுகிறவரை ஓடட்டுமே என்று ரத்தினவேல் முனகிப் பார்த்தார். எடுபடவில்லை.

பிளெஸ்ஸி கேபிளைச் சோதித்தாள், நன்றாக இருந்தது. நடுவில் இரண்டு கம்ப்யூட்டரையும் இணைக்கும் சுவிட்ச் பெட்டியை மாற்றிப் பார்த்தாள், பலனில்லை. சரண்யாவின் கம்ப்யூட்டரை அரை மணி நேரம் குடைந்தாள்.

"நான் எதையும் தொடலைக்கா" என்றாள் சரண்யா, யாரும் கேட்காமலே.

எழிலரசன் 'பார்த்தீர்களா' என்பதுபோல் மச்சானைப் பார்த்தான்.

கடைசியாக முதலாளி அறைக் கம்ப்யூட்டர். ரத்தினவேல் மட்டும் கூடவே உள்ளே வந்தார். அதைத் திறந்ததும் கோளாறு பிடிபட்டுவிட்டது. யாரோ வேண்டுமென்றே வேகத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து வைத்திருந்தார்கள்.

"இந்தக் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும் சார்?"

ரத்தினவேல் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"எனக்கு மட்டும்தாம்மா. நான்தான் குறைச்சு வச்சேன்."

பிளெஸ்ஸிக்கு ஒன்றும் புரியவில்லை.

"அது கைப்புள்ளைக்காரி. நாலாம் மாசமே வேலைக்கு வந்திருச்சு. நடுவுல வீட்டுக்குப் போயி புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வாம்மான்னு எவ்வளவோ சொன்னேன். எனக்கு மட்டும் எதுக்குண்ணே சலுகை, வேலை கெடக்குல்லன்னு எந்திரிக்கவே மாட்டேன்னுருச்சு. ஒருநா பால் கட்டி, காய்ச்சலோட ஒக்காந்திருந்துச்சு. மனுசன் சொன்னாத்தான் கேக்க மாட்டேங்குது, மிஷின் நின்னா போய்த்தானே ஆகணும்?"

பிளெஸ்ஸியின் கண் கலங்கிவிட்டது. அவள் பையன் புட்டிப்பாலில் வளர்ந்தவன். அன்றைக்கு அவளுக்கு இப்படி ஒரு மிஷின் வாய்க்கவில்லை.

மவுசில் இருந்து கையை எடுத்துவிட்டு வெளியே வந்தாள். எழிலரசன் வாசலிலேயே நின்றிருந்தான். பின்னால் சரண்யா, முகம் வெளிறிப்போய்.

"யாரு வேலைன்னு தெரிஞ்சுச்சா மேடம்?"

"யாரும் கை வைக்கலைங்க சார், உள்ள ஒரு பார்ட்டு போச்சு" என்றாள் பிளெஸ்ஸி, தொழிலுக்கு வந்த பத்து வருடத்தில் முதல் பொய்யாக. "அது இங்கிட்டு எங்கயும் கெடைக்காது. சொல்லி வைக்கிறேன், வந்து சேர எப்படியும் எட்டு மாசம் ஆகும்."