துரையை நீக்கியாச்சு

"கொஞ்சம் சோகமா உக்காருங்க மேடம். சிரிச்சா அட்டைக்கு எடுபடாது."

பேராசிரியர் கைபேசியைத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். எதிரே மேடம் கெட்டிலின் உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்ததை ஒரு ஸ்பூனால் சுரண்டிக்கொண்டிருந்தார். பேராசிரியர் வேலை பார்க்கும் அதே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து, காலமெல்லாம் விரிவுரையாளராகவே இருந்து, அப்படியே ஓய்வு பெற்றவர் மேடம்.

"போன வருஷம் இவ்வளவு படியல," என்றார் மேடம். "கடல் தண்ணி நிலத்துக்கு அடியில இந்தத் தெரு வரைக்கும் வந்தாச்சு."

"அப்படியே சுரண்டுங்க மேடம். கஷ்டப்பட்ட கைன்னு நல்லாத் தெரியுது."

நிலத்தடி நீரில் உப்பேறுவதைப் பற்றித்தான் பேராசிரியர் புத்தகமே எழுதியிருந்தார். ஆனாலும் கண்ணெதிரே இருந்த கெட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு மையம் திறக்கப் போகிறார்கள். ஆராய்ச்சியில் யாருடைய எழுத்தை மேற்கோள் காட்டுகிறார்கள், நிறத்தைப் பார்த்து யாரை ஒதுக்குகிறார்கள் என்று ஆராய்ந்து திருத்துகிற மையம். அதன் இயக்குநர் நாற்காலி மேல் பேராசிரியருக்கு ஒரு கண். ஒரு கண் என்ன, இரண்டு கண்ணும் அங்கேதான்.

இந்தப் புத்தகம் நேரத்துக்கு வெளிவந்துவிட்டால் நாற்காலி அவருக்குத்தான். நிறத்தால் ஒதுக்கப்பட்ட ஒருவரின் முகம் அட்டையில் போடத் தேவைப்பட்டபோதுதான் அவருக்கு மேடத்தின் நினைவு வந்தது. மேடம் ஓய்வு பெற்ற பிறகு இந்த வீட்டு வாசலை அவர் மிதிப்பது இதுதான் முதல் தடவை. படம் எடுத்தாயிற்று, இனி சம்மதத் தாளில் ஒரு கையெழுத்து வாங்கினால் போதும்.

"என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?" என்றார் மேடம்.

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து, தன் நிறத்தின் காரணமாக ஒரு வரிகூட எழுத விடப்படாமல் ஓய்வு பெற்ற பெண்மணிக்கு இந்நூல் காணிக்கை." தாளை மடித்தார். "எழுதும்போதே எனக்கு அழுகை வந்துடுச்சு மேடம்."

மேடத்துக்கு அழுகை வரவில்லை. "உள்ளே யாரையெல்லாம் மேற்கோள் காட்டியிருக்கீங்க?"

பேராசிரியர் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வெள்ளைக்காரன் பேரு ஒண்ணு விடாம தூக்கிட்டேன். துரையையே நீக்கியாச்சுன்னாப் பாத்துக்குங்களேன்."

துரை என்பது பட்டப்பெயர். உண்மையான பெயர் வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பெயர். தொழிலாளர் குடியிருப்புகளில் எந்தக் கிணறு எந்த மாதம் உப்புக் கரிக்கும், அது ஏன் என்று முதலில் எழுதியவர் அவர்தான். அவரை மேற்கோள் காட்டாமல் இந்தப் படிப்பில் யாரும் பட்டம் வாங்கியதில்லை, பேராசிரியர் உட்பட.

"அந்த ஆளுக்கு என்ன திமிர் தெரியுமா மேடம்? ஒரு மாநாட்டுக்குக்கூட வந்ததில்ல. யாரும் மூஞ்சியைப் பார்த்ததில்ல. விலாசம் கேட்டா ஒரு தபால் பெட்டி நம்பர்." பேராசிரியருக்கு மூச்சு வாங்கியது. "நம்ம ஆளுங்க குடியிருப்புக்குள்ள அவன் கால் வெச்சிருப்பானா? நம்ம ஆளு யாரையாவது விட்டு அளந்துட்டு, மேல தன் பேரைப் போட்டிருப்பான்."

"அளந்தது நம்ம ஆளுதான். அதுல உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்," என்றார் மேடம்.

"அப்படிச் சொல்லுங்க."

"துரை கண்டுபிடிச்சுச் சொன்ன விஷயத்தையும் எடுத்துட்டீங்களா?"

"அதை எப்படி மேடம் எடுக்கறது? அது இல்லன்னா புத்தகமே இல்லியே." பேராசிரியர் குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். "விஷயம் அப்படியே இருக்கு, பேரு மட்டும்தான் இல்ல. அவன் பேரு இருந்த இடத்துல எல்லாம் என்னோட பழைய கட்டுரையைக் காட்டிட்டேன்."

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். சொன்னவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பெரிய அநியாயம் ஒன்றைத் தட்டிக்கேட்டுவிட்டு வந்த களைப்புத்தான் இருந்தது.

மேடம் சம்மதத் தாளை வாங்கி மேஜை மேல் வைத்தார். பேனாவை எடுத்து நீட்டினார் பேராசிரியர். மேடம் அதை வாங்காமல், ஈரம் சொட்டிய கெட்டிலைத் தூக்கித் தாளின் மேல் வைத்தார்.

"மேடம், என்ன இது? அச்சகத்துல காத்துக்கிட்டிருக்காங்க."

"காத்திருக்கட்டும்."

"நான் கேக்கறேன், ஒரு வெள்ளைக்காரன் பேரு போனதுக்கா இவ்வளவு கோபம்?" பேராசிரியரின் குரல் உயர்ந்தது. "அந்தத் துரை உங்களுக்கு என்ன உறவா?"

தாளில் ஈரம் பரவி, கையெழுத்துப் போட வேண்டிய இடம் கரைந்துகொண்டிருந்தது. அன்றைக்கு மேடம் முதல் தடவையாகச் சிரித்தார்.

"என் பேருல அனுப்பின கட்டுரைக் கவரை ஒருத்தரும் பிரிக்கல தம்பி, அதனாலதான் துரையைப் பெத்தேன்."