மூன்றாவது கேன்

“இந்த நாக்கை இன்ஷூர் பண்ணி வச்சிருக்கீங்களாக்கா?” என்று பால் வண்டி டிரைவர் ஒரு தடவை அவளைக் கேட்டான். அன்றிலிருந்து பால் நிலையத்தில் எல்லோருக்கும் அவள் நாக்கம்மா. எந்த கேனாக இருந்தாலும் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்து, தண்ணீர் கலந்ததா, புளிக்கப் போகிறதா என்று சொல்லிவிடுவாள். துப்ப மட்டும் மாட்டாள். பாலைத் துப்புவதாவது!

மலைக்கு அந்தப் பக்கம் அணுகுண்டு வெடித்து, மேய்ச்சல் நிலத்தில் வெள்ளைச் சாம்பல் விழுந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. கதிர்வீச்சைக் காட்டும் கருவி வந்தது போன வாரம்தான். வந்ததிலிருந்து ஒரு கேன்கூடத் தேறவில்லை. மூன்று முறை தேறாத பால் என்றால், மாடுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் புதைத்துவிடுவார்கள்.

இன்று நாக்கம்மாவின் நாத்தனாருக்கு மூன்றாவது முறை. வாசலில் லாரி என்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டே நின்றது.

“நல்லாக் குனிஞ்சு கேளுங்க அண்ணி. சாம்பல் விழுந்த அன்னைக்கே மூணு மாட்டையும் கொட்டகைக்குள்ள கட்டிட்டேன். போன வருஷத்து வைக்கோல், கிணத்துத் தண்ணி. அதுங்க வெயிலைக்கூடப் பாக்கல.”

“கருவிக்கு உன் கதையெல்லாம் புரியாது.”

நாக்கம்மா பொத்தானை அமுக்கி, குழலைக் கேனின் வாய்க்கு நேரே பிடித்தாள். அதன் முள் சரியாகத் தெரியாது. குனிந்து காது கொடுத்துத்தான் கேட்க வேண்டும். குனிந்தாள். டிக், டிக், டிக்டிக்டிக்.

“ஊத்திடு.”

“வாய் கூசாம சொல்றீங்களே! எங்க அண்ணன் உங்களைப் பொண்ணு பாக்க வந்தப்போ, ‘நல்ல பொண்ணு, கட்டிக்கோ’ன்னு சொன்னவ நான். அதுக்குப் பழி வாங்கறீங்களா?”

“உங்க அண்ணன்தான் உன்னைப் பழி வாங்கணும்” என்றாள் நாக்கம்மா. சிரிப்பு வரவில்லை. “நேத்து எங்க அம்மா வீட்டு மாட்டையே ஏத்தி அனுப்பினேன். எனக்கு மட்டும் ஆசையா?”

இரண்டாவது கேன். அதே சத்தம். வெளியே லாரி டிரைவர் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினான். நாக்கம்மாவுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சீக்கிரம் முடிந்து தொலைந்தால் போதும் என்றிருந்தது.

மூன்றாவது கேனில் குழலை வைத்தாள். குனிந்தாள். டிக்டிக்டிக்.

“இதையும் ஊத்து.”

நாத்தனார் கேனைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

“காலி கேன் அண்ணி. புதுசு. இதுவரைக்கும் பாலையே பாக்காத கேன். இதுவும் கெட்டுப்போச்சா?”

நாக்கம்மா கருவியைத் தட்டிப் பார்த்தாள். “கருவி ரிப்பேரோ என்னமோ…”

“இப்படிக் குடுங்க. நீங்க அந்த ஜன்னல்கிட்டப் போய் நில்லுங்க.”

பிடுங்காத குறையாக வாங்கி, முதல் கேனில் வைத்தாள் நாத்தனார். எப்போதோ ஒரு டிக். இரண்டாவதிலும் அப்படியே.

“கேட்டுச்சா? என் மாடு சுத்தம்! கருவியும் நல்லாத்தான் இருக்கு. அப்போ இவ்வளவு நேரம் எது…”

பேசிக்கொண்டே குழலும் கையுமாக ஜன்னல் பக்கம் வந்தாள். இரண்டு அடி இருக்கும்போதே கருவி பேச ஆரம்பித்தது. நாக்கம்மாவின் தோளருகே வந்தபோது வேகம் பிடித்தது. தொண்டைக்கு நேரே வந்ததும், தனித்தனி டிக் என்று எதுவும் இல்லை, ஒரே இரைச்சல்.

கருவி வராத அந்தப் பதினைந்து நாளும், சாம்பல் தின்ற மாடுகளின் பாலில், தினம் அறுபது கேனிலும் முதல் ஆளாக ஒரு மடக்கு விழுங்கியவள் அவள்தான்.

நாக்கம்மா மேசைக்குப் போய், நாத்தனாரின் பால் அட்டையில் ‘தேறியது’ என்று முத்திரை குத்தி நீட்டினாள். நாத்தனார் அவள் விரல் படாமல் அதன் நுனியைப் பிடித்து வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.